அம்மாவின் உறைப்பு ஐஸ்

சாக்குக்குள் போட்ட ஐஸ் கட்டியை உலக்கையால் குத்தும் சத்தம்... கூடவே ஈர மரத்தூள் வாசம். வெள்ளைக்காரன் காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினி எனக்கு அப்படித்தான் நினைவில் இருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயது.

அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையின் கந்தோரில் கிளாக்கர். சீமைக்குத் திரும்பிய வேறொரு துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது, கைப்பிடியைச் சுற்றி ஐஸ் செய்யும் மரவாளி ஒன்றை வாங்கி வந்தார். அம்மா அதில் வத்தகப்பழ ஐஸ், அதாவது தர்ப்பூசணி ஐஸ், செய்யப் பழகினார். பழத்தை மசித்துத் துணியில் வடித்து, சீனிப்பாகும் தேசிக்காய்ப் புளியும் விடுவார். கடைசியில், வறுத்து இடித்த செத்தல் மிளகாயும் உப்பும் ஒரு சிட்டிகை.

வெளிவாளியில் ஐஸும் கல்லுப்பும். நானும் அம்மாவும் மாறி மாறிச் சுற்றுவோம்... தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருக்கும்.

வாயில் வைத்தால் முதலில் குளிர், பிறகு இனிப்பு. விழுங்கிய பிறகுதான் உறைப்பு.

ஒருநாள் அப்பாவின் துரையும் துரைசாணியும் தேநீருக்கு வந்தார்கள். துரைசாணி இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். இங்கிலீஷ் தெரியாத அம்மா சிரித்துக்கொண்டே நின்றார்.

இரண்டு கிழமை கழித்து அப்பா சொன்னார். "சனிக்கிழமை துரை வீட்டில பெரிய பார்ட்டி. துரைசாணி உம்மையும் வரட்டாம்."

அம்மா கூறைச்சேலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்தார். எனக்குப் புதுச் சட்டை. தான் கந்தோரிலிருந்து நேரே வருவதாக அப்பா சொல்லியிருந்தார். நானும் அம்மாவும் றிக்‌ஷோவில் துரைமார் குடியிருக்கும் கறுவாத்தோட்டம் போய் இறங்கினோம்.

கேற்றில் நின்ற ஆள் எங்களை வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப்போனான்.

குசினியில் எட்டு வத்தகப்பழம், புது மரவாளி, ஐஸ். மலைநாட்டுச் சமையற்காரர் ஒருவர் அம்மாவின் சேலையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க செஞ்சு குடுப்பீங்கன்னு சொன்னாங்கம்மா," என்றார்.

 அம்மா முந்தானையை இடுப்பில் செருகினார். அந்தக் கூறைச்சேலையோடேயே மசித்தார், வடித்தார், சுற்றினார். முன்பக்கத்திலிருந்து பியானோ கேட்டது. பிறகு கைதட்டல். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

திரும்பும்போது வேலிக்கு மேலால் பார்த்தோம். புல்தரையில், துரைக்குப் பக்கத்தில், கையில் ஐஸ் கிண்ணத்தோடு அப்பா நின்றார்.

அடுத்தநாள் காலை சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவிடம் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "குசினிக்குத்தான் கூப்பிட்டவை எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

அப்பா கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. "ஹெட் கிளாக்கர் வேலைக்கு ரெண்டு பேர் நிக்கினம். நான் என்ன செய்ய?"

அந்த வேலை அப்பாவுக்குத்தான் கிடைத்தது. வாளியை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன்பிறகும் முப்பது வருடம் சேர்ந்துதான் வாழ்ந்தார்கள். ஆனால் அப்பா எங்கே கூப்பிட்டாலும் அம்மா போனதில்லை.

இப்போது என் மகள் பழத்தை மிக்ஸியில் அடித்து ப்ரிட்ஜில் வைத்துவிடுகிறாள். வந்தவர்களோடு மேசையில் இருந்து தானும் சாப்பிடுகிறாள். பார்க்கச் சந்தோஷம்தான்...

அப்பாவைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டேன். என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்று துரை வீட்டுக் குசினியில் முதலாவது வாளி உறைந்ததும் அந்தச் சமையற்காரர் எனக்கு ஒரு கிண்ணம் தந்தார். அம்மா வேர்த்து வழிய இரண்டாவது வாளியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து முழுவதும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் தரச்சொல்லிக் கேட்டேன்.