மூன்று பிடி மண்ணும் முப்பது கடகமும்

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனது மனந்திரும்பியல்ல, சண்டை பிடிக்க. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தத் தபசு காலத்தில் நான் அழுது குழறிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன் என்று கண்டக்குழியில் சிலர் ஊர்க்கதை கட்டி வைத்திருக்கிறார்கள். அழுதேன், அது உண்மை. ஆனால் அது பிறகு நடந்தது.

அதற்கு முன் மூன்று வருஷம் நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. காரணம் என் மூத்த பிள்ளை. கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. பெண்பிள்ளை, பட்டப்பகலில் பிறந்தாள், ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை. என் வீட்டுக்காரர் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றார். கோயில் குருவான சுவாமி கற்பிட்டியில் இருந்தார். மாதத்தில் ஒரு தடவைதான் எங்கள் பக்கம் வருவார். வீட்டில் நானும் மருத்துவிச்சியும் மட்டும். மருத்துவிச்சி முஸ்லிம் மனுஷி. எந்த வேதமென்று பாராமல் இந்தக் கரையில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள்.

"மவள், புள்ள நீலமாப் போகுது" என்றாள். அவள் கையிலிருந்த செம்பைப் பறித்துப் பிள்ளையின் தலையில் நானே தண்ணீர் ஊற்றினேன். ஆபத்து நேரத்தில் பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்ற மூன்று பெயரையும் சொல்லித் தண்ணீர் ஊற்றி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேசத்தில் படித்திருந்தேன்.

பின்னேரம் அண்ணாவியார் வந்தார். சுவாமி இல்லாத நாட்களில் கோயிலைப் பார்ப்பதும் செபம் சொல்லுவதும் யாரை எங்கே அடக்குவது என்று தீர்ப்பதும் அவர்தான். "ஞானஸ்நானத்துக்குச் சாட்சி ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் மருத்துவிச்சி. "இவ ஓதினா. என்ட ரெண்டு காதாலயும் கேட்டன், அல்லாஹ்வறிய."

ஓதினாளாம்! அவர்கள் பேச்சில் செபம் சொன்னாலும் ஓதுவதுதான், வேறென்ன சொல்லுவாள் பாவம்? அண்ணாவியாருக்கு அது போதும். "ஓதினதும் ஞானஸ்நானமும் ஒண்டா? அவ என்ன வசனம் சொன்னவ எண்டு சொல்லு பாப்பம்" என்றார். அவளால் சொல்ல முடியவில்லை. நான் பாயில் கிடந்து, "சொன்னன், சொன்னன்" என்று கத்தினேன். பெற்றவளின் வாய்ச்சொல் செல்லாது என்றார். என் பிள்ளையை, எங்கள் சனத்தை அடக்குகிற சேமக்காலையின் வேலிக்கு வெளியே, ஞானஸ்நானப் பெயரில்லாதவர்களைப் புதைக்கிற பக்கத்தில் புதைத்தார்கள். அந்த முள்வேலிக்கு உள்ளே அவளைக் கொண்டுவர வேண்டும், அதைத் தவிர எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பிள்ளைப்பேற்று உடம்போடு எழுந்து போய், செபம் முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, மண்ணள்ளிக் கோயில் கதவில் எறிந்தேன். ஒரு பிடியல்ல, மூன்று பிடி. "என்ட பிள்ளையை வெளியில போட்ட கோயில் மண்ணாப் போகட்டும்!" என்றேன். "ஐயோ மாதாவே" என்று பெண்கள் வாயைப் பொத்தினார்கள். அன்றோடு அண்ணாவியாரின் தீர்ப்பு வந்துவிட்டது: கையில் மெழுகுதிரியோடு கோயில் வாசலில் முழங்காலில் நின்று ஊரறிய மன்னிப்புக் கேட்டால்தான் இனி உள்ளே விடுவார்களாம்.

"ஒருக்கா முழங்கால் போட்டிட்டு வாவன், என்ன குறைஞ்சு போகும்?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் நல்ல மனுஷன், சண்டை ஆகாது.

"பிள்ளையை உள்ளுக்குப் போடச் சொல்லுங்க. கற்பிட்டி வரைக்கும் முழங்கால்லயே நடக்கிறன்" என்றேன். அவர் வலைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் வருஷம், உயிர்த்த திருநாளுக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு நாள் காலை, பிள்ளை கிடந்த இடத்தில் ஒரு ஆடு கட்டியிருந்தது. அண்ணாவியாரின் ஆடு. முளையை அவள் தலைமாட்டிலேயே அடித்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவா வேண்டும்? ஆட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போய்க் கோயில் மணித்தூணில் கட்டினேன். அன்றைக்குச் சுவாமி வந்திருந்தார், பாவசங்கீர்த்தனத்துக்குச் சனம் வரிசையில் நின்றது. அண்ணாவியார் தடுக்க வந்தார். "தொட்டுப் பாருங்க" என்றேன். தொடவில்லை. வரிசையைத் தாண்டிப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூட்டின் கம்பித் தட்டிக்கு முன்னால் நின்றேன்.

சுவாமி வெள்ளைக்காரர். புத்தகத்தில் தமிழ் படித்தவர். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "மகளே, உனக்கு மனஸ்தாபம் உண்டா?" என்று கேட்டார்.

"இருக்குது சுவாமி. நல்லா இருக்குது."

"மிகவும் நன்று. மனஸ்தாபம் இன்றிப் பாவமன்னிப்பு இல்லை."

"மூண்டு வருஷமா இருக்குது. அண்ணாவியார் மேல இருக்குது, உங்க மேல இருக்குது, சர்வேசுரன் மேலயும் இருக்குது."

சுவாமி படித்த புத்தகத்தில் மனஸ்தாபம் என்றால் செய்த பாவத்துக்கு மனம் நோவது. எங்கள் வீடுகளில் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேர் முகம் பாராமல் இருப்பது. இரண்டுக்கும் ஒரே சொல்தான், மனுஷன் என்ன செய்வார்? "யாது காரணத்தினால்?" என்று கேட்டார்.

சொன்னேன். செம்பு, தண்ணீர், வேலி, ஆடு, எல்லாம் சொன்னேன். இடையில் மறிக்காமல் கேட்டார். கேட்டு முடித்து ஒரேயொரு கேள்வி கேட்டார். "வசனம் முழுவதையும் சொன்னாயா?"

மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம், "ஓம், சொன்னன்" என்று கத்தினவள் நான். கிணற்றடியில் கத்தினேன், கரையில் கத்தினேன், கட்டினவரிடமும் கத்தினேன். அந்தத் தட்டிக்கு முன்னால் மட்டும் உள்ளதைச் சொன்னேன்.

"பிதாவுடையவும் எண்டன் சுவாமி. சுதனுடையவும் எண்டன். அதுக்குள்ள பிள்ளை ஒரு மாதிரி மூச்சு இழுத்தது. இஸ்பிரீத்துசாந்து எண்டு சொன்னனா, இல்லாட்டி பிள்ளையைப் பாத்துக்கொண்டே இருந்திட்டனா, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அப்போதுதான் அழுதேன். அண்ணாவியார் மேலிருந்த கோபமெல்லாம் இந்த ஒன்றை மூடி வைக்கத்தான் என்பது அழும்போதுதான் எனக்கே விளங்கியது. என் வாய் தவறியிருந்தால் என் பிள்ளையை வெளியே போட்டது நான்தானே?

சுவாமி மெதுவாகச் சொன்னார். "நீயும் அறியாய், நானும் அறியேன். அறியாததை இல்லை என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை." பிறகு, "கோயிலின் மேல் மண் எறிந்ததற்கு வருந்துகிறாயா?" என்று கேட்டார்.

"கோயிலுக்கு எறிஞ்சதுக்கு வருத்தம்தான் சுவாமி. அண்ணாவியாருக்கு எறியாமல் விட்டதுக்கும் வருத்தம்."

அவர் இருமினாரோ சிரித்தாரோ தெரியாது. அபராதம் விதித்தார்: எறிந்தது மூன்று பிடி, ஆகவே உயிர்த்த திருநாளுக்கு முன் கடற்கரையிலிருந்து முப்பது பனையோலைக் கடகம் புதுமண் சுமந்து வந்து கோயில் நிலத்தில் பரப்ப வேண்டும். திருநாளுக்கு வெள்ளை மண் பரப்புவது எங்கள் வழக்கம்தான்.

சுமந்தேன். ஊர் பார்க்கத்தான் சுமந்தேன், முக்காடு போடாமல், தலை குனியாமல். வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அண்ணாவியார் எண்ணினார். முழங்காலில் நிற்காதவள் தலையில் சுமக்கிறாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இருபது கடகம் கோயில் முற்றத்திலும் சேமக்காலை வேலி வரைக்கும் கொட்டினேன். இருபத்தோராவதைக் கொண்டுபோய் முள்வேலிக்கு அந்தப் பக்கம், என் பிள்ளையின் மேல் கொட்டினேன்.

அண்ணாவியார் ஓடி வந்தார். "அடியே, உனக்கென்ன விசரா? இது கணக்கில வராது. அது கோயில் நிலமில்ல!"

"கோயில் நிலத்தில போடச் சொன்னவர் சுவாமி. இது கோயில் நிலமில்ல எண்டா அவரே வந்து சொல்லட்டும்."

மிச்ச ஒன்பதையும் அங்கேயே கொட்டினேன். கையால் தட்டிச் சமமாக்கினேன்.

திருநாள் நெருங்கிப் பெரிய வாரத்துக்குச் சுவாமி வந்தார். அவர் செருப்பைக் கழற்றுமுன்னே அண்ணாவியார் அவரை நேரே சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். வேலிக்கு இந்தப் பக்கமும் வெள்ளை மண், அந்தப் பக்கமும் வெள்ளை மண். சுவாமி இரண்டு பக்கத்தையும் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணாவியாரே," என்றார், "வேலி ஏன் நடுவிலே நிற்கின்றது?"

முதல் வேலிக் கட்டையை நான் பிடுங்கிவிட்டேன். முள் கிழித்த தழும்பு இன்னும் கையில் இருக்கிறது. இரண்டாவது கட்டையை என் வீட்டுக்காரர் பிடுங்கினார். பிள்ளையை யாரும் தோண்டவில்லை, வேலிதான் அவளைத் தாண்டிப் போனது. சுவாமி தீர்த்தம் தெளித்தார். அப்போது முழங்காலில் நின்றேன், ஒருவரும் சொல்லாமல்.

மருத்துவிச்சியிடம் போய்ச் சொன்னேன். "நான் அண்டைக்கே சொன்னன்தானே மவள், நீ ஓதினாய் எண்டு" என்றாள். ஓதினேனா, முழுக்க ஓதினேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சர்வேசுரன் அந்த மூன்றாம் பெயரைப் பற்றி என்னிடம் கேட்கிற நாளில், அதைச் சொல்லி முடிக்கிற அளவுக்காவது என் பிள்ளைக்கு ஏன் மூச்சு கொடுக்கவில்லை என்று நானும் கேட்பேன். அதுவரைக்கும் படுக்கப் போகுமுன் மனஸ்தாப மந்திரம் சொல்கிறேன், இரண்டு மனஸ்தாபத்தையும் சேர்த்துத்தான்.