பகிடிக்குச் சிரிக்காத மண்டபம்

பகிடியொன்றைச் சொல்லி முடித்தவுடன் ஜசிந்தன் மாணவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையைத் துடைக்கத் தொடங்குவார். துடைப்பதற்கு அதில் எழுத்து ஒன்றும் இராது. ஆசிரியரின் முகத்துக்கு நேரே பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கமாட்டார்கள் என்பது அவருடைய கொள்கை. ஆகவே, அவர்கள் சிரித்து ஓயும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். இவ்வாண்டு அவர் துடைக்கும் நேரம் நீண்டுகொண்டே போகிறது, சிரிப்புத்தான் வரவில்லை.

கல்லடியில், வாவியைப் பார்த்த ஒழுங்கை ஒன்றில், வீட்டு வளவிலேயே அவருடைய தனியார் வகுப்பு நடைபெறுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறார். ஒல்லியான, உயர்ந்த மனிதர். வெறுங்காலுடன்தான் படிப்பிப்பார், சப்பாத்து அணிந்தால் தமக்குச் சமன்பாடுகள் மறந்துபோகின்றன என்பார். குழப்பம் வந்தால் இடது காதுமடலை இழுத்துவிடுவார். எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே ஒரு மதில்தான் இருக்கிறது. ஆதலால் அவருடைய பகிடிகள் பல, ஓய்வுபெற்ற தமிழாசிரியையான எனக்கும் மனப்பாடம். எதனோடும் சேராத ஹீலியம் வாயுவை அவர் இவ்வாறு அறிமுகம் செய்வார்: "கலியாண வீட்டுக்கு வந்து, ஒருத்தரோடயும் கதைக்காம, வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு, கை கழுவிட்டுப் போற மாமா ஒராள் எல்லாக் குடும்பத்திலயும் இரிக்காரு. அவர்தான், புள்ளயள், ஹீலியம்."

சென்ற ஆண்டுவரை வகுப்பு நடந்தது ஒரு கிடுகுக் கொட்டிலில். மழைக்கு ஒழுகும், புழுதியும் நுளம்பும் தாராளம். பெற்றோர் ஒன்றுகூடிப் புது மண்டபம் கட்டுவித்து, இரண்டு குளிரூட்டிகளையும் பூட்டுவித்தார்கள். குளிர் வெளியேறாதவாறு கண்ணாடிச் சாளரங்களின் விளிம்பெல்லாம் சிலிக்கன் பசை பூசி அடைத்தார்கள். எண்பது பிள்ளைகள் அங்கே தோளோடு தோள் முட்ட அமர்கிறார்கள். ஜசிந்தன் நிற்பது முன்கதவருகே. பிந்தி வருவோருக்காக அந்தக் கதவு அடிக்கடி திறந்து மூடும்.

ஒரு சனிக்கிழமை அவர் மதிலருகே வந்து நின்றார்.

"டீச்சர், என்ட பகிடி செத்துப்போச்சு."

"எல்லாப் பகிடியுமா, தம்பி?"

"அதுதான் விளங்கல்ல. காலம எட்டு மணிக்குச் சொன்னாச் சிரிக்காங்க. அதே புள்ளயளுக்குப் பத்தரைக்குச் சொன்னா, செத்த வீட்டுக்கு வந்த மாதிரிப் பாக்காங்க. நேரம் போகப்போக நான் அவங்களுக்கு அலுத்துப்போறன் போல."

அவருடைய மனைவி சர்மிலா குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "பதினெட்டு வரிசமா நான் கேக்கன் டீச்சர். எனக்கு அது எப்பயோ செத்துப்போச்சு!"

ஜசிந்தன் சிரிக்கவில்லை. கைப்பேசியில் தேடிப் புதிய பகிடிகளைச் சொல்லிப் பார்த்ததாகவும், பயனில்லை என்றும் கூறினார். றம்ஸீன் என்னும் மாணவனைத் தனியே அழைத்து, பகிடி விளங்கவில்லையா என்று கேட்டாராம். "விளங்கிச்சு சேர். சிரிக்கத்தான் ஏலாமக் கிடந்திச்சு," என்று அவன் மிகுந்த மரியாதையுடன் விடையளித்தானாம்.

"வாற தையோட வகுப்ப வேற ஆருக்கும் குடுத்திட்டு, பாசிக்குடாவுல தம்பிர ஹோட்டல்ல கணக்குப் பாக்கப் போறன்," என்றார். அது வெறும் பேச்சன்று. தம்பியிடம் சொல்லியும் வைத்திருந்தார். போவதற்கு முன், தாம் உண்மையிலேயே பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டச் செய்கிறாரா என்பதைப் பின்வாங்கில் இருந்து பார்த்துச் சொல்லுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை சென்றேன். முதல் மணித்தியாலம் நன்றாகச் சிரித்தேன். பின்னர்த் தலை கனத்தது. அதனை வயதின் குற்றமென எண்ணிக்கொண்டேன். ஆனால், அருகிலிருந்த றம்ஸீனுக்கு வயது பதினாறு. அவனும் உதட்டைக் கடித்துக் கடித்து நித்திரையைத் தடுத்துக்கொண்டிருந்தான். மண்டபத்திலோ மார்கழிக் குளிர். அவ்வளவு குளிரில் அத்தனை பேருக்கும் எவ்வாறு கண் செருகுகிறது என்பது எனக்குப் புலப்படவில்லை.

அன்று அவர் சுண்ணாம்பு நீர்ச் சோதனையைச் செய்துகாட்ட இருந்தார். தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாயினால் ஊதினால், நம் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு என்னும் கரியமில வாயு அதனைப் பால்போல் வெளுக்கச் செய்யும். வகுப்புத் தொடங்கியபோதே அகன்ற கண்ணாடிக் கிண்ணமொன்றில் அந்நீரை ஊற்றி மேசைமேல் வைத்திருந்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து, ஊதுவதற்கு ஒருவரை அழைத்தபோது, எவரும் ஊதாமலே நீரின்மேல் வெள்ளை ஆடை படர்ந்திருந்தது.

"போன கிழமையும் இதே வேலதான். பாஹிம்ட வெத்திலக் கடையில பழைய சுண்ணாம்பத் தந்திட்டான் எண்டு அவனோட சண்டையும் புடிச்சன். இது ஆரையம்பதிச் சுண்ணாம்பு. அதுவும் கள்ளச் சுண்ணாம்பா?"

காத்தான்குடியிலிருந்து வரும் பரீனா கையை உயர்த்தினாள். கேள்வி கேட்டே பெயரெடுத்த பிள்ளை.

"சுண்ணாம்புக்கு ஏன் சேர் ஏசுறீங்க? நாங்க எம்பது பேரும் காலையில இருந்து ஊதிக்கிட்டுத்தானே இரிக்கம்."

"ஏ.சி. இரிக்கிதுதானே புள்ள? வெளியில இரிக்கிற பெட்டி புதுக் காத்த இழுத்து உள்ளுக்கு அனுப்புது."

"அப்ப, இடைவேளைக்கு றம்ஸீன் திண்ட மீன் ரொட்டி நாத்தம் வகுப்பு முடியுற வரைக்கும் ஏன் சேர் போகுதில்ல?"

"நாத்தமில்ல, மணம்," என்றான் றம்ஸீன், கண்ணைத் திறக்காமலே.

ஜசிந்தன் காதுமடலை இழுத்தார். அந்தப் பெட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருகிறதா, உள்ளே கிடப்பதையே குளிரச் செய்து திரும்பத் திரும்ப அனுப்புகிறதா என்பது அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. குளிர்ந்த காற்று நல்ல காற்று என்றே நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம். பிள்ளைகளைச் சோரவைக்கும் பிழை காற்றினுடையதாயின், பெற்றோர் காசு கொடுத்து அடைப்பித்த சாளரங்களைத் திறக்கவேண்டும். அவர்களுக்கு விடைசொல்லவும் வேண்டும். பிழை காற்றினுடையது அன்றாயின், அவர் பாசிக்குடாவுக்குப் புறப்படவேண்டும். இவ்விரண்டில் எது உண்மையாக இருக்கவேண்டுமென அவர் விரும்பினார் என்பதை அவர் முகத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை.

மறுவாரம் அவர் படிப்பிக்கவில்லை. பழைய வினாத்தாளைப் பலகையில் விளக்குமாறு பரீனாவிடம் பேனையைக் கொடுத்துவிட்டு, கதவருகே தாம் நிற்கும் இடத்தை விட்டு, மண்டபத்தின் கடைசி மூலை வாங்கில் பிள்ளைகளுக்கிடையே முழங்கால்களை மடக்கி நெருக்கி அமர்ந்துகொண்டார். நான் அவருக்கு முன்வாங்கில் இருந்தேன். வகுப்பு முடியும்வரை எவரும் கதவைத் திறக்கக்கூடாது என்று மாத்திரம் சொன்னார்.

பரீனா திறமையாக விளக்கினாள். முதலில் அவர் ஒவ்வொரு விடைக்கும் தலையசைத்தார். சிறிது சிறிதாகத் தலையசைப்பு நின்றது. இரண்டாம் மணித்தியாலம் முடியும் தறுவாயில், பிள்ளைகள் சோர்ந்திருப்பதைக் கண்ட பரீனா பேனையைக் காதில் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சேர்ட வீட்டுல மிஸ் ஒருநாள் கறிக்கு உப்புப் போதுமா எண்டு கேட்டாவாம். சேர் சொன்னாராம், 'முதல்ல அந்தக் கேள்விக்கு எத்தின புள்ளி எண்டு சொல்லுங்க.'"

வீட்டுக்கு வந்து அதனை நினைத்தபோது நான் தனியே இருந்து சிரித்தேன். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் முன்னதாகச் சிரித்திருக்க வேண்டியவர் ஜசிந்தன். நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய வாய் அகலத் திறந்தது, வந்தது கொட்டாவி. வாயைப் பொத்திய கையை எடுத்து, அது எவருடைய கையென அறியாதவர்போலச் சற்று நேரம் பார்த்தார். பின்னர்ச் சாளரத்தின் பக்கம் திரும்பி, அதன் விளிம்பில் இறுகிக் கிடந்த பசையைக் கட்டைவிரல் நகத்தினால் கிளப்பத் தொடங்கினார்.