என் எலும்புக்குள் புதிதாய்ப் பிறந்தவை

முதலில் கீழுதட்டின் உட்பக்கம் ஒரு புண் வந்தது. லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் எல்லோரும் சூடு என்றார்கள். மோர் குடித்தேன். ஆறவில்லை, தொண்டை வரை பரவியது. பிறகு முதுகில் கொப்புளங்கள். காலையில் எழுந்தால் நைட்டியோடு தோலும் உரிந்து வரும்.

"ரெண்டு வாய் கஞ்சியாவது குடிம்மா" என்று என் கணவர் பஷீர் டம்ளரோடு நிற்பார். விழுங்க முடியாமல் அழுவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோலில் துளி வெட்டிப் பார்த்தார்கள். பெம்பிகஸ் (தோல் செல்களை ஒட்டவைக்கும் புரதத்தை உடலே தாக்கும் நோய்). ஸ்டீராய்டில் முகம் உப்பியதே தவிர கொப்புளம் நிற்கவில்லை.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். எலும்பு மஜ்ஜையில் பி செல்கள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு எதிரியைப் பிடிக்கும் வடிவத்தோடு, அந்த எதிரியைப் பார்க்காமலேயே பிறக்கிறது. பொருந்தும் கிருமி வந்தால் பெருகி, தன் பிடியைத் திருத்தித் திருத்திக் கூராக்குகிறது. அவற்றில் சில பிளாஸ்மா செல்களாக மாறுகின்றன. அதற்குப் பின் அவற்றுக்கு ஒரே வேலை, ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் புரதம்) செய்து கொட்டுவது.

"உங்க உடம்புல சிலது ஆளை மாத்திப் புடிச்சிருச்சு. டிரிப்ஸ்ல ஒரு மருந்து ஏத்தி பி செல்லையெல்லாம் அழிச்சிடலாம்."

பஷீர் பதறினார். "எல்லாத்தையுமா? அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தா இன்னா மேடம் பண்றது?"

"பிளாஸ்மா செல்லை இது தொடாது. தோலைத் தாக்குற பிளாஸ்மா செல்லுல முக்கால்வாசி தானாவே சீக்கிரம் செத்துடும், அந்த எடத்துக்குப் புதுசா ஆள் வராது. ஆனா சின்ன வயசுல வந்த தட்டம்மைக்கு எதிரா மஜ்ஜையில ஒரு பிளாஸ்மா செல் உக்காந்திருக்கே, அது இன்னும் வேலை செஞ்சிட்டுதான் இருக்கு. புதுக் கிருமிக்குத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்."

எனக்குத் தட்டம்மை வந்தது ஒன்றாம் வகுப்பில். நான் மறந்தே போயிருந்தேன்.

மருந்து ஏறும்போது உடம்பு தூக்கிப்போட்டது. நர்ஸ் வேகத்தைக் குறைத்தார். வாரங்கள் போகப் போகக் கொப்புளங்கள் காய்ந்தன. ஒரு மதியம் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். எரியவில்லை. பஷீர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பரிசோதனையில் பி செல் பூஜ்யம். கூட்டத்தில் ஏதாவது தொற்றிவிடும் என்று தவளக்குப்பத்தில் தங்கை மகள் நிக்காஹுக்குக்கூடப் போகவில்லை. பல மாதம் கழித்து டாக்டரம்மா சிரித்தார். "புது பி செல் வர ஆரம்பிச்சிடுச்சு."

"பழைய தப்பும் சேந்து வருமா?" என்று கேட்டேன்.

"வரலாம். பாத்துக்கிட்டே இருப்போம்."

இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, அந்தப் பயம் எனக்குப் போகவில்லை. ஆனாலும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பும்போது உடல் சிலிர்த்தது. உலகில் இன்னும் தோன்றாத ஏதோ ஒரு கிருமிக்குப் பொருந்தும் செல் இந்த நிமிடம் என் எலும்புக்குள் பிறந்துகொண்டிருக்கலாம்.

"இன்னா, பேச்சே காணோம்?" என்றார் பஷீர்.

"ஒண்ணுமில்ல. மெதுவா போங்க."