பன்னிரண்டாவது துணி

வாழ்நாளெல்லாம் தையல் மெஷினை மிதித்தவள் அந்தத் தையல்காரி. கடையை மூடின பிறகும் கால் சும்மா இருக்க மாட்டேன் என்றது. அவளுடைய தம்பி மெக்கானிக். ஐந்தாறு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, நின்றுபோன பழைய டீசல் ரயில் எஞ்சின் ஒன்றை லீவு நாட்களில் பழுது பார்த்தான். சம்பளம் கிடையாது, நகக்கண்ணெல்லாம் கறுப்பு, அதுதான் கூலி. டிரைவர் இருக்கைக்கு உறை தைக்க அக்காவைக் கூப்பிட்டான். தைத்துக் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

கிழிந்த பனியனால் அவர்கள் எஞ்சினுக்குள் துடைப்பதைப் பார்த்துவிட்டாள். நூல் பிரிந்து பிரிந்து எண்ணெயில் விழுந்தது. அவளுக்குப் பொறுக்குமா? பழைய போர்வையைக் கத்தரித்து, நாலு பக்கமும் மடித்துச் சிவப்பு நூலால் ஓரம் அடித்து, பன்னிரண்டு துணி கொண்டுவந்தாள். காலையில் எண்ணிக் கொடுப்பாள், சாயங்காலம் எண்ணி வாங்குவாள். 'துணி இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

எஞ்சின் நின்ற கொட்டகையின் சொந்தக்காரர் ஒருநாள் வந்து கெடு வைத்தார். வரும் ஞாயிறு பத்து மணிக்குள் எஞ்சின் ஓட வேண்டும். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரன் அறுத்து அள்ளிக்கொண்டு போவான்.

சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். தம்பி மட்டும் வேலை பார்த்தான். ஞாயிறு காலை வந்து எண்ணினாள். பதினொன்று.

"ஒரு கந்தலுக்கா இவ்வளவு பாடு, அக்கா? காத்துல பறந்துருக்கும்."

"பறந்ததை நீ பாத்தியா?"

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரிச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, தான் தைத்த இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் கேஸ் போட்டாச்சு என்று கூட்டாளிகளில் ஒருவனான பெயிண்டர் கிண்டலடித்தான். கெடு பார்க்க வந்து நின்ற சொந்தக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எஞ்சினைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் தம்பியை நன்றாகத் தெரியும். சின்ன வயதில் எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் தொலைத்துவிட்டு, அவள் ஆசையாக வைத்திருந்த கைக்குட்டையைத் திணித்து மூடினவன் அவன்.

"நேத்து கடைசியா எதைக் கழட்டுன?"

"டர்போவுக்கு எண்ணெய் போற குழாயை."

"கழட்டிட்டு?"

"வாஷர் எடுக்கப் போனேன். தூசி விழக்கூடாதேன்னு..." பாதியில் நிறுத்தினான்.

ஸ்பானரோடு ஓடினான். சொந்தக்காரர் என்ன நினைத்தாரோ, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரே டார்ச் பிடித்தார். குழாயைக் கழற்றியதும் உள்ளே சிவப்பு ஓரம் எட்டிப் பார்த்தது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால், எஞ்சினுக்குக் காற்றை ஊதித் தள்ளும் டர்போ எண்ணெய் கிடைக்காமல் கருகியிருக்கும். இத்தனை நாள் உழைப்பும் அதோடு போயிருக்கும்.

குழாயைத் திரும்ப மாட்டி முடிக்கும்போது மணி பத்தரை.

"பத்து தாண்டிடுச்சு சார்," என்றான் தம்பி, தலையை நிமிர்த்தாமல்.

"பன்னிரண்டும் வந்துடுச்சா, அதைச் சொல்லுங்க," என்று சொந்தக்காரர் அவளைக் கேட்டார். அவள் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. கொட்டகையே புகையில் மறைந்தது. இருக்கை அதிர அதிர, அவளுடைய கால் தன்னையறியாமல் மிதிக்கத் தொடங்கியது.

சொந்தக்காரர் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டே, கொட்டகையில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் இறங்கி, வாசல்வரை அவர் பின்னாலேயே ஓடினாள்.

"சார், துணியைக் குடுத்துட்டுப் போங்க."