சித்தி வீட்டுச் சிவப்பு மருந்து

இனிப்பு மருந்து சித்தி வீட்டுக்குப் போனது, எண்ணெய் எங்கள் வீட்டுக்கு வந்தது. அன்றைக்குப் பிடித்த எரிச்சலில் ஒரு துளி, தலை நரைக்கிற இந்த வயதிலும் நாக்கின் அடியில் எங்கோ கிடக்கிறது.

தங்கச்சிமடத்துக் கரையில் அந்த நாளில் பிள்ளைகள் பலருக்கு மாலைக்கண். விளக்கு வைக்கிற நேரமானால் சித்தி மகளும் நானும் கைகோத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடப்போம். குருட்டுக் கோழிகள் என்று அய்யா சிரிப்பார். இதைக் கேள்விப்பட்டுத்தான் பட்டணத்துச் சர்வகலாசாலையிலிருந்து ஒரு டாக்டரம்மா ரயிலேறி வந்தார். பாதி வீடுகளுக்கு ஒரு மருந்து, மீதிக்கு வேறொன்று, எது கேட்கிறதென்று பார்க்கப்போகிறோம் என்றார். எந்த வீட்டுக்கு எது என்று அந்தோணியார் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கினார்கள்.

சீட்டு விழுந்தால் எங்கள் கரையில் மறுபேச்சுக் கிடையாது. கரைவலையை யார் எந்த இடத்தில் இழுப்பது என்பதையே சீட்டுதான் சொல்லும். எது விழுந்தாலும் அது அந்தோணியார் கொடுத்தது.

எங்களுக்கு விழுந்தது மீன் ஈரல் எண்ணெய். அம்மாவின் முகம் தொங்கிவிட்டது.

"வள்ளத்துக்குப் பூசுறத எம் புள்ள வாயில ஊத்தச் சொல்றாக. இவ என்ன வள்ளமா?"

"ஊத்துக்கா, மழைக்கு ஒழுக மாட்டா" என்று சிரித்தாள் சித்தி. அவள் கையில் செக்கச்செவேலென்று ஒரு பாட்டில்.

அந்தச் சிவப்பு என்னைத் தின்றது. காலையில் சித்தி மகள் வேண்டுமென்றே வந்து நாக்கை நீட்டிக் காட்டுவாள், செம்பருத்தி இதழ் மாதிரி. எனக்கோ பள்ளிக்கூடம் முடிகிறவரை மீன் ஏப்பம். பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்துவாள். பூசையில் முழங்காலிட்டு அந்தப் பாட்டில் உடைய வேண்டும் என்று உருகி உருகி வேண்டினேன்.

மழைக்காலம் போனது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரைத் தொடாமலே கொல்லைக்குப் போய்வந்தேன். பிறகு அந்த இருட்டில் ஓடவும் செய்தேன். அதன்பின் சித்தி தன் மகளைச் சாயங்காலத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. இனிப்பில் பங்கு கேட்பேன் என்று ஒளித்துவைக்கிறாள், வேறென்ன?

அம்மா ஒருதரம், "நம்ம எண்ணெயில கொஞ்சம் புள்ளைக்கு ஊத்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். சித்தி பதறிவிட்டாள். "சீட்டுல விழுந்தத மாத்தலாமாக்கா? இவ அப்பா கடலுக்குப் போறவுக."

ஒரு சாயங்காலம், மருந்தின் வாசனையாவது கிடைக்காதா என்று சித்தி வீட்டு வாசலில் நின்றிருந்தேன். சித்தப்பா இன்னும் கரை சேரவில்லை. கடலின்மேல் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தா அங்கன வள்ளம் வருதா பாருத்தா" என்று சித்தி தன் மகளிடம் சொன்னாள்.

அவள் கடலுக்கு முதுகைக் காட்டி, பனைகள் நின்ற பக்கம் உற்றுப் பார்த்து, "காணலம்மா" என்றாள்.

நான் முந்திக்கொண்டேன். "பாய் தெரியுது சித்தி! நடுவுல ஒட்டுப்போட்ட பாய். சித்தப்பாதான்!"

பாராட்டுவாள் என்று நின்றேன். சித்தி என் கண்களையே பார்த்தாள். அடுத்த வீட்டு நகையை ஏழை பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு உள்ளே போனாள், பாட்டிலோடு வந்தாள், மூடியைத் திருகி வாசல் மணலில் கவிழ்த்தாள். மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

"அக்கா! அந்த எண்ணெய எடுக்கா!" போகும்போதே கத்தினாள்.

நான் மணலில் குந்தினேன். சிவந்த ஈரத்தை விரலால் தொட்டு நக்கினேன். பல்லில் மணல் கரகரத்தது. சர்க்கரை. வெறும் சர்க்கரைத் தண்ணீர். இத்தனை இனிப்பானதை ஒருத்தி கீழே கொட்டுவாளா? சித்திக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது என்று தீர்மானித்து, மணல் முழுவதும் உறிஞ்சிவிடுமுன் இன்னொரு விரலையும் வைத்தேன்.