கேட்டது நான்தான்

நான் பள்ளிக்கூடம் போகாதவன். நாற்பது வருடம் தேயிலை மூட்டை தூக்கினேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாரிமுத்துவுக்குப் பார்வை போனதும், தானா ராத்தா டவுனில் வேலை பார்க்கும் அவன் மருமகள் செல்வி, கம்ப்யூட்டரில் இருந்த கதைப்புத்தகத்தைக் குரலாக மாற்றிச் சின்னப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தாள். பட்டனை அமுக்கினால் கதை சொல்லும்.

இந்தக் குளிருக்கு வெந்நீர் வைத்து அவன் குளித்து வருவதற்குள், மூன்று நாளாக நான் அதைத் திருட்டுத்தனமாகக் கேட்டேன். நான் நிறுத்திய இடத்தைப் பெட்டி ஞாபகம் வைத்து, அங்கிருந்தே அவனுக்குக் கதையைத் தொடரும் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தபோது மாரிமுத்து செல்வியிடம் கத்தினான். "நடுநடுவுல கதையக் காணோம்! கண்ணு தெரியாதவன்தானேன்னு அரைகுறையா ஏத்துனியா?"

"முழுசாதான் மாமா ஏத்துனேன்."

"பொய் சொல்லாத! இது எனக்கு வேணாம்லா, எடுத்துட்டுப் போ!"

செல்வி அழுதுகொண்டே பெட்டியை எடுத்தாள். உண்மையைச் சொன்னால் லயத்து வீடுகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அவள் வாசலைத் தாண்டும்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"டேய், கேட்டது நான்தான்டா."

மாரிமுத்து என் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

"எதுவரைக்கும்?"

"அந்தப் பொண்ணு கப்பல் ஏறுற வரைக்கும்."

"சொல்லித் தொலைக்காதடா! உக்காரு. செல்வி, மாமா அவசரப்பட்டுட்டேம்மா. மொதல்லேர்ந்து போடு, இவனும் கேக்கட்டும்."

இப்போது தினமும் சேர்ந்துதான் கேட்கிறோம். ஆனாலும் அந்தப் பிள்ளை திட்டு வாங்கியபோது நான் பேசாமல் நின்றது இன்னும் உறுத்துகிறது.