தெற்கைக் காட்டாத கரண்டி

அப்போது நாங்கள் மொன்றியலில், லாசால் பக்கம் குடியிருந்தோம். இரண்டாயிரத்துகளின் தொடக்கம். மகளின் பள்ளியில் அவரவர் நாட்டைப் பற்றிக் காட்டும் நாள். விடிய எழும்பி எங்கள் ஊர்ப் பலகாரமான மீன் ரோல்ஸ் நாற்பது பொரித்து அடுக்கியிருந்தேன். வந்தவர்களோ பக்கத்து மேசையைத்தான் மொய்த்தார்கள்.

அங்கே மகளின் சீனத் தோழி ஒரு பித்தளைத் தட்டில் காந்தக் கரண்டி வைத்திருந்தாள். பழங்காலச் சீனர் செய்த திசைகாட்டியாம். எத்தனை தரம் சுழற்றினாலும் அதன் காம்பு தெற்கே போய் நின்றது. என் ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

என் கைப்பையின் மூடியில் பெரிய காந்தம் இருந்தது. தெரிந்துதான் அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த சுற்றில் கரண்டி நேரே என்னைப் பார்த்து நின்றது. யாரோ சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் கண் கலங்கியது.

அவளுடைய தாய் என் பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டுபோய் என் மேசையில் வைத்தாள். வைத்த கையோடு ஒரு ரோலை எடுத்துக் கடித்து, "நல்ல ருசி, வந்து சாப்பிடுங்கள்!" என்று பிரெஞ்சில் எல்லோரையும் கூப்பிட்டாள். பத்து நிமிடத்தில் என் தட்டு காலி.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள். "அம்மா, அந்தக் கரண்டி ஏன் உங்களைக் காட்டினது?"

"அது பழுதாப் போச்சுது போல, பிள்ளை."

கரண்டி அன்றைக்குச் சரியாகத்தான் காட்டியது என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.